பதினோரு ஓட்டு

மில் தொழிலாளர் சங்க அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. நேற்றைய தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்ற பழைய தலைவர், பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஜெயித்த தறிக்காரி எதிரே நிற்கிறாள். எழுந்திருங்கள் என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வருகிறது, வந்த வழியே திரும்பிப் போகிறது. ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் முதுகு குறுகுறுக்கிறது. அந்நேரம், காலையில் வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட பாய்லர்காரர் மூச்சிரைக்க உள்ளே வருகிறார். மதியத்துக்குள் சங்கத்தின் ஆட்சேபக் கடிதம் மேனேஜர் மேசைக்குப் போகாவிட்டால் வேலை போனது போனதுதான். அவர் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தைப் பழைய தலைவர் முன்னால் வைக்கிறார். பழைய தலைவரும் பேனா மூடியைத் திருகுகிறார்.

“அண்ணே, உங்க கையெழுத்து இனிமே செல்லாது. அதையே சாக்கா வச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். பேனா அந்தரத்தில் நிற்கிறது. அவள் கடிதத்தை எடுத்து, பீரோவின் பக்கவாட்டில் அழுத்தி, நின்றபடியே கையெழுத்துப் போடுகிறாள். பீரோ தகரத்தில் பேனா வழுக்கி, கடைசி எழுத்து கோணிப்போகிறது.

“இது போதுமாண்ணே?” பாய்லர்காரர் கேட்பது பழைய தலைவரைத்தான்.

அவர் அந்தக் கோணல் எழுத்தையே பார்க்கிறார். பிறகு அவளிடம், “நீயும் கூடப் போம்மா. இவனைத் தனியா விட்டா வாசல்லயே நிறுத்திடுவாங்க. தலைவர் போனாத்தான் கதவைத் திறப்பாங்க” என்கிறார்.

அவர் யாரைத் தலைவர் என்றார் என்பது, படியிறங்கி ஓடும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.