ஐந்து செகண்ட் மெதுவாக

"இது அசல் இல்லை சார், டூப்ளிகேட். நாளைக்கு வந்து ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லித்தான் விற்பார் வாட்ச் கடைக்காரர். இருபது வருஷமாக அதில் அவருக்குத் தனிப் பெருமை.

பெரியவர் தலையாட்டினார். கடைக்கு வந்து ஒரு மணி நேரமாகியும் எந்த வாட்சிலும் மனசு நிற்கவில்லை.

"இது எண்ணூறு. உள்ளே இருக்கிற மூணு குட்டி வட்டமும் வெறும் அச்சு. விசேஷத்துக்குக் கட்டிக்கிட்டுப் போகலாம், அவ்வளவுதான்."

"அடுத்தது?"

"ரெண்டாயிரத்து ஐநூறு. ஸ்டாப்வாட்ச் மாதிரி, பட்டனை அமுக்கினாத்தான் பெரிய செகண்ட் முள் ஓடும். அது தெரியாம, ஓடலைன்னு வந்து சண்டை போட்டவங்க உண்டு."

பெரியவர் போனை வைத்துக்கொண்டு சோதித்தார். ஒரு நிமிஷத்தில் ஒரு செகண்டுகூடப் பிசகவில்லை. கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ரிப்பேர் மேஜையில இருக்கே, அது?"

"அதே மாடல்தான். நிமிஷத்துக்கு அஞ்சு செகண்ட் மெதுவா ஓடுது. திருப்பி அனுப்பப் போறேன்."

பெரியவர் அதையும் சோதித்தார். போன் அறுபது காட்டியபோது அது ஐம்பத்தைந்து காட்டியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதையே கொடுங்க."

சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். "பழுதுன்னா விலை குறையும்னு பார்க்கறீங்களா?"

"இல்லை, முழு விலையும் தரேன்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "தப்பு நேரம் காட்டற வாட்சை நான் விக்கறதில்லை சார். இதை வெச்சு யாரை ஏமாத்தப் போறீங்க?"

"என் வீட்டுக்காரியை."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர் அவ. முப்பது வருஷம் இதே மாதிரி வாட்சைக் கட்டிக்கிட்டுத்தான் பிள்ளைங்களை ஓட வெச்சா. அவ தயார் பண்ணின பிள்ளைங்க மெடல் இல்லாம திரும்பி வந்ததே இல்லை." பெரியவரின் குரலில் அத்தனை பெருமை. பிறகு அது இறங்கியது. "மூணு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்து விழுந்தா. வாட்சும் உடைஞ்சு போச்சு. அசல் வாங்க என் பென்ஷன் தாங்காது."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நடக்கறா. வராந்தாவை ஒரு நிமிஷத்துல கடக்கணும்னு அவளே வெச்சுக்கிட்ட பந்தயம். பத்து நாளா அறுபத்து மூணு, அறுபத்து நாலுலயே நிக்குது. நேத்து நான் அம்பத்தொன்பதுன்னு சொன்னேன். 'பொய் சொல்லாதீங்க, இந்தக் கால் இனிமே தேறாது'ன்னு உட்கார்ந்துட்டா. இன்னிக்கு எழுந்திருக்கவே இல்லை. தன் கையால பட்டனை அமுக்கிப் பார்த்தாத்தான் நம்புவா."

கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டி, வாட்சின் முதுகைத் திறந்தார்.

பெரியவர் பதறினார். "சரி பண்ணிடாதீங்க."

"இன்னிக்குப் பண்ணல சார். வாராவாரம் பட்டை தளர்ந்துடுச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லி எடுத்துட்டு வாங்க. ஒவ்வொரு செகண்டா சரி பண்ணித் தரேன். அஞ்சாவது வாரம் டீச்சர் நிஜமாவே ஜெயிச்சிருப்பாங்க."