ஐந்து மணி நேரம் லேட்

"இந்த ஆளுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான்?"

நடுரோட்டில் நின்று கத்தினார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. நிமிஷத்துக்கு நிமிஷம் வாட்ச் பார்க்கிற வியாதி மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை.

பஸ்ஸில் இருபது பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். 'வாசலைத் திறந்தால் கடல்' என்று விளம்பரம் செய்த அடுக்குமாடிக் கம்பெனி, இடத்தைக் காட்ட இலவசமாகக் கூட்டிப் போகிறது. ஏழுக்குக் கிளம்பி ஒன்பதுக்குப் போய்ச் சேரணும். பார்க்கணும், கையெழுத்துப் போடணும். சலுகைக்கு இன்றுதான் கடைசி நாள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டைப் பையில் ஒரு செக் இருந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்தது மொத்தமும் அந்த ஒரு தாளில்.

மணி பன்னிரண்டே முக்கால். முதலில் ரேடியேட்டர் சூடாகி ஒன்றரை மணி நேரம். அப்புறம் டீசல் அடைப்பு. இப்போது பஞ்சராம். டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாற்பது வருஷ சர்வீஸ்ல என்னால ஒரு ரயில் ஒரு நிமிஷம் லேட் ஆனதில்ல, தெரியுமா?"

"ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு சார்" என்றான் டிரைவர், தலையைத் தூக்காமல்.

"திமிரைப் பாரு!"

"விடுங்களேன், பி.பி. ஏறிடப் போகுது" என்றாள் மனைவி.

அவர் விடுவாரா? ஒரு தாளை வாங்கிப் புகார் எழுதினார். 'சோம்பேறி, பொறுப்பற்றவர், உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும்.' இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கம்பெனி ஏஜென்ட்டுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. "ஒன்பதுக்குள்ள போயிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா!" என்று டிரைவர்மேல் பாய்ந்தான். உடனே இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"வெயில் கொளுத்துது அங்கிள். இடத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம். இங்கேயே கையெழுத்துப் போட்டுடுங்க, திரும்பிடலாம்."

எல்லோருக்கும் அலுப்பு. பேனாக்கள் வெளியே வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர்கூட மூடியைக் கழற்றிவிட்டார்.

பாம்... பாம்... பாம்!

"வண்டி ரெடி! ஏறுங்க, ஏறுங்க!" டிரைவர் சீட்டில் இருந்தான்.

"ஊருக்குத் திருப்புய்யா" என்றான் ஏஜென்ட்.

"ரிவர்ஸ் கியர் விழ மாட்டேங்குது சார். நேராத்தான் போகும்."

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

யாரும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. இறங்க இடம் இருந்தால்தானே? கட்டிடத்தின் கீழ்த்தளம் முழுக்கக் கடல். கார் நிறுத்தும் இடத்தில் அலை வந்து வந்து போனது. வாட்ச்மேன் மாடிப்படியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஏதோ கொஞ்சம் கூடுதலா..." என்று இழுத்தான் ஏஜென்ட்.

"தினமும் இப்படித்தான்" என்றார் வாட்ச்மேன், அப்பாவியாக. "தண்ணி ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். காலைல வந்திருந்தா காய்ஞ்சு கிடந்திருக்கும்."

"பயப்படாதீங்க அங்கிள், அனுமதியெல்லாம் மேலிடம் வரைக்கும் கவனிச்சு வாங்கியாச்சு!"

"கடல்கிட்ட வாங்கினீங்களா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"விளம்பரத்துல பொய் சொல்லலைங்க" என்றாள் மனைவி. "வாசலைத் திறந்தா கடல்தான்."

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது ரேடியேட்டர் சூடாகவில்லை. டீசல் அடைக்கவில்லை. கடலோரத்தில் ரிவர்ஸ் கியர் வெண்ணெயாய் விழுந்ததை ஸ்டேஷன் மாஸ்டர் கவனித்தார். வாட்சையும் பார்த்தார். சரியாக இரண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவரிடம் போனார்.

"தம்பி, எந்தச் சக்கரம் பஞ்சர்?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தான். "எதுவும் இல்ல சார். ஒரு வாரம் காலைல ஒன்பது மணிங்கறாங்க, அடுத்த வாரம் மத்தியானம் மூணுங்கறாங்க. எதுக்கு இப்படி மாத்துறாங்கன்னு புரியறதுக்குள்ள பதினெட்டு ட்ரிப் அடிச்சிட்டேன். அத்தனையும் கரெக்ட் டைம்."

"இதுக்கு உனக்கு வேலை போயிடுமே தம்பி!"

"முதல் ட்ரிப்ல வந்தது என் மாமனார் மாமியார் சார். நல்ல இடம்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். இருந்த வீட்டை வித்துப் பணம் கட்டினாங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் அவன் தோளைத் தட்டினார். "நீ நல்லா இருக்கணும்ப்பா" என்று சொல்லிப் புகாரை எடுத்துக் கிழிக்கப் போனார். டிரைவர் சட்டென்று அவர் கையைப் பிடித்தான்.

"கிழிக்காதீங்க! அதை ஏஜென்ட்கிட்டயே கொடுங்க. சோம்பேறின்னா வேலை மட்டும்தான் போகும். வேணும்னே செஞ்சேன்னு தெரிஞ்சா காலை உடைச்சிடுவாங்க சார்."

ஏஜென்ட் பஸ் கதவுப் பக்கம் வந்தான். "என்ன அங்கிள், இன்னும் இவன்கூட என்ன பேச்சு?"

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கையால் புகாரை நீட்டினார். "இந்தச் சோம்பேறியை இனிமே நான் ஸ்டியரிங் பக்கமே பாக்கக் கூடாது!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

முதுகுக்குப் பின்னால், டிரைவரின் கையைப் பிடித்திருந்த அவருடைய இன்னொரு கை, பிடியை விடவே இல்லை.