பச்சைக் குறி

"இதையும் ஒரு படம் எடுத்துக்குங்க மேடம்" என்று கெரோல்ட் தானே கட்டிலை இழுத்து நகர்த்திக் காட்டினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அவருடைய காளான் பண்ணையைவிட இங்கேதான் விளைச்சல் அதிகம்.

வீப்கெ படம் எடுத்துக்கொண்டாள். ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு பெரிய கடைத்தொடரில் அவளுக்கு வேலை. சரக்கு எங்கிருந்து வருகிறது, அதைப் பறிக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கையில் எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட பட்டியல்.

ஒரே அறையில் பன்னிரண்டு கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கழிப்பறைக் கதவைத் திறந்தவள் திறந்த வேகத்தில் மூடினாள். வடிகாலில் முடி அடைத்து, சாம்பல் நிறத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது.

"மனுஷங்க இருக்கிற இடமா இது?"

"ரொமேனியாக்காரங்க மேடம். அவங்களுக்கு இது அரண்மனை" என்றார் கெரோல்ட், வாய் கூசாமல். "ஆனா சட்டம்னா சட்டம்தான். ஒரு ரூமுக்கு எத்தனை பேர்னு எழுத்துல கொடுங்க. அதுக்கு மேல ஒரு ஆள் இருந்தா என்னைக் கேளுங்க."

அவர் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, அடுப்படியில் நின்றிருந்த ஒரு பெண் ஓடி வந்து வீப்கெவின் கையைப் பிடித்தாள். பெயர் டோய்னா. ஜெர்மன் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

"என் புருஷன் சொரினுக்கு நெஞ்சு சரியில்ல மேடம். இந்தப் பூஞ்சணம்தான் காரணமாம். டாக்டர் வேற இடத்துக்கு மாறச் சொல்றார். எங்க போறது? நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"பண்றேன். கண்டிப்பா பண்றேன்."

சொன்னபடியே செய்தாள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. பூஞ்சணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். கழிப்பறையை இடித்துக் கட்ட வேண்டும். எட்டு வாரம் கெடு. தவறினால் அந்தப் பண்ணையிலிருந்து ஒரு கூடை காளான்கூட வாங்கக் கூடாது என்று எழுதிச் சிவப்புக் குறி போட்டாள்.

ஹாம்பர்க்கில் அவளுடைய மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிறிஸ்துமஸ் வருதும்மா. காளானுக்கு நான் எங்க போவேன்?"

"அந்த அறையில ஒரு நாள் படுத்துப் பாருங்க சார். அப்புறம் காளானே இறங்காது உங்களுக்கு."

அவர் கையெழுத்துப் போட்டார்.

எட்டு வாரம் கழித்து, ஜனவரிக் குளிரில் மறுபடி போனாள். பண்ணை முற்றத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. பழைய கார்கள் வரிசையாக நின்றன. கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே தன் வண்டியை வேலியோரம் நிறுத்தினாள்.

அறை அடையாளமே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று சுவர், நான்கே நான்கு கட்டில்கள், பளபளவென்று புதுக் கழிப்பறை. ஜன்னலில் பூந்தொட்டிகூட வைத்திருந்தார் மனிதர்.

"திருப்திதானே மேடம்?" என்று காபியும் வெண்ணெய்க் கேக்கும் கொண்டுவந்து நீட்டினார் கெரோல்ட்.

"பறிப்பு ஒண்ணும் குறையலையே?"

"எப்படிக் குறையும்? அதே ஆளுங்க, அதே வேகம்."

எண்பத்து நான்கு கேள்விக்கும் பச்சைக் குறி போட்டாள் வீப்கெ. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இன்னொரு துண்டு கேக்கும் சாப்பிட்டாள்.

டோய்னாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. "அவ ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கறா மேடம்" என்றார் கெரோல்ட். சரி, தூங்கட்டும் என்று கிளம்பினாள்.

முற்றத்தைக் கடக்கும்போது இருமல் கேட்டது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல். ஒரு காருக்குள்ளிருந்து.

கிட்டே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது. வியர்வையும் ஈர பூட்ஸும் எரிவாயு அடுப்புமாகக் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. முன்சீட்டில் டோய்னா. பின்சீட்டில், இரண்டு கனத்த போர்வைக்கு அடியில், சொரின். பக்கத்துக் கார்களிலும் ஒவ்வொரு கண்ணாடியாக யாரோ உள்ளிருந்து துடைத்துப் பார்த்தார்கள்.

அறைக்கு நான்கு பேர் போக மிச்சமான ஆட்கள் இங்கேதான் என்று வீப்கெவுக்குப் புரிந்தது. கெரோல்டின் மேல் வந்த அருவருப்பு, பாதி வழியில் தன்மேலேயே திரும்பியது.

"கவலைப்படாதீங்க டோய்னா. இவரை நான் சும்மா விடப்போறதில்ல" என்று பட்டியலை விரித்துப் பேனாவை எடுத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்த டோய்னா, அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க மேடம்... காரையாவது எங்களுக்கு விட்டுவைங்க!"