பெட்டிக்கு ஐந்தாவது காய்ச்சல்

“சின்னவரே, உங்க பெட்டிக்கு மறுபடியும் காய்ச்சலா? டாக்டரம்மா வர்றாங்க பாருங்க!”

குதிரைப்பால் கறந்துகொண்டிருந்த சயிரா அண்ணி, குதிரையின் வயிற்றுக்குக் கீழிருந்து தலையை நீட்டிச் சிரித்தாள். கணவனின் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அந்த மலைகளில் கிடையாது. கேலி செய்ய மட்டும் எந்தத் தடையும் இல்லை.

எல்தியார், கையில் பிடித்திருந்த குதிரைக்குட்டியின் கயிற்றை நழுவவிட்டான். ஏரிக்கரை முழுக்க மூடுபனி. அதற்குள்ளிருந்து ஜிபார் வந்துகொண்டிருந்தாள். குதிரையின் கால்கள் தெரியவில்லை. அவள் காற்றில் மிதந்து வருவது போலிருந்தது. அவனுக்கு மனசு பாதி குளிர்ந்தது, பாதி உறுத்தியது.

ஜிபார் மாவட்ட அலுவலகத்தில் பொறியாளர். மேலே பனி உருகி ஏரி பொங்கினால் கீழேயுள்ள கிராமத்தை எச்சரிக்க, கரையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தது அவள்தான். அது நீர்மட்டத்தை அளந்து, எதிர் மேட்டில் நட்ட வைஃபை கம்பம் வழியாக அனுப்பும். “இங்க சிக்னலை நம்ப முடியாது. அறுந்துட்டா யாராவது வந்துதான் திரும்பச் சேர்க்கணும்,” என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

ஜூன் மாதம் அது உண்மையாகவே அறுந்தது. ஜிபார் வந்து சரிசெய்தாள். அண்ணி பொரித்துப் போட்ட ரொட்டியைப் பாலேட்டில் தோய்த்துத் தின்றாள், அண்ணியோடு சேர்ந்து பாடினாள், போய்விட்டாள். அவள் போனபிறகு எல்தியாருக்கு மலை பிடிக்கவில்லை, ஆடு பிடிக்கவில்லை, சோறும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கூடாரத்துக்குப் போர்த்தும் தடித்த கம்பளியில் ஒரு துண்டை எடுத்துப்போய்ப் பெட்டியைச் சுற்றி மூடினான். மழையையும் காற்றையும் குளிரையும் உள்ளே விடாத கம்பளி, சிக்னலை மட்டும் விட்டுவிடுமா என்ன? அரைநாள் மூடி வைப்பான். அந்த அரைநாளும் கரையை விட்டு நகரமாட்டான். நீர்மட்டம் ஏறுகிறதா என்று கரையில் நட்டிருந்த அளவுக்கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊருக்குத் துரோகம் செய்ய அவனால் முடியாது. மேகம் தண்ணீரில் நகர்வதைப் பார்த்தபடி, கண் திறந்தே கனவு காண்பான். சில சமயம் மூன்று நாளில், சில சமயம் பத்து நாளில் ஜிபார் வந்து நிற்பாள்.

இன்றையதோடு சேர்த்து இப்படி நாலு தடவை ஆகிவிட்டது.

“மறுபடியும் சிக்னல் தகராறு,” என்று சொல்லியபடி ஜிபார் குதிரையிலிருந்து இறங்கினாள்.

“மூடுபனியால இருக்கும்,” என்றான் எல்தியார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

பெட்டியருகே மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தாள். அவன் ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பால் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கும்போது விரல் பட்டதோ படவில்லையோ, அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“இன்னிக்கோட உங்களுக்குத் தொல்லை விட்டுச்சு,” என்றாள் அவள். “புது புரோகிராம் போடப்போறேன். சிக்னல் அறுந்தா பெட்டி தானாவே கூப்பிட்டுப் பார்க்கும். கிடைக்கலேன்னா கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிடும். கிடைக்கிற வரைக்கும் விடாது. இனிமே யாரும் வரவே வேண்டாம்.”

எல்தியார் பெட்டியைப் பார்த்தான். “அத்தனை தடவை கூப்பிட்டா அதுக்குக் கோவம் வராதா?”

“பெட்டிக்கு ஏதுங்க கோவம்? மனுஷங்கதான் ஒரு தடவை கூப்பிட்டுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. சில பேர் ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டாங்க.”

“டாக்டரம்மா!” அண்ணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “அந்த புரோகிராமை எங்க சின்னவருக்கும் ஒண்ணு போட்டு விடுங்க. புண்ணியமாப் போகும்!”

ஜிபார் சிரிக்கவில்லை. கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூடுபனி மெல்ல மேலேறி, ஏரி நீலமாக விரிந்தது. எங்கோ ஒரு குட்டி தாயைத் தேடிக் கனைத்தது. கோடை முடிகிறது; அடுத்த வாரம் மந்தையோடு அவன் வீட்டாரும் கீழே இறங்கிவிடுவார்கள். அவனுக்கும் அவளுக்கும் இருந்தது இந்த ஒரு பெட்டிதான். அதுவும் இன்றோடு முடிகிறது. பேச வேண்டும் என்று எல்தியார் நினைத்தான். கனவில் ஓட நினைக்கும்போது கால் வராதே, அப்படி அவனுக்கு வார்த்தை வரவில்லை.

“முடிஞ்சுது,” என்று கணினியை மூடினாள். குதிரையருகே போய் மிதிவளையத்தில் காலை வைத்தாள்.

“ஜிபார்!”

அவள் திரும்பினாள்.

“பெட்டி மேல தப்பில்ல. ஜூனுக்கு அப்புறம் நாலு தடவையும் நான்தான் கம்பளி போட்டு மூடினேன். நீங்க வரணும்னுதான்... என்னை ஆபீஸ்ல போட்டுக் குடுத்தாலும் பரவாயில்ல. நீங்க வராம இருந்துடாதீங்க.”

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். பையின் கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கணினி அவன் மூக்குக்கு நேராக நீண்டது. திரையில் கோடை முழுக்கச் சிக்னல் வந்ததைக் காட்டும் பச்சைக் கோடு; அங்கங்கே ஒரு நிமிட இடைவெளி, அவ்வளவுதான்.

“கம்பளி போட்டா சிக்னல் நிக்கும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?” அவள் குரலில் சிரிப்பு தளும்பியது. “காத்துல கம்பம் ஆடுறப்ப அறுந்துபோகும், ஒரு நிமிஷத்துல தானே சேர்ந்துக்கும். அந்த புரோகிராமை நான் ஜூன் மாசமே போட்டுட்டேன். இன்னிக்கு சும்மாத்தான் தட்டிக்கிட்டிருந்தேன்.”

எல்தியார் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்போ ஆபீஸ்ல உங்களை எதுக்கு நாலு தடவை அனுப்பி வச்சாங்க?”

“ஆபீஸ்ல யாரு அனுப்பினது?” ஜிபாரின் முகம் சிவந்தது. “நாலு தடவையும் நான் லீவு போட்டுட்டுத்தான் வந்தேன்.”