முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள்

"ஏய் ரோஜினா! மறுபடியும் நீயா? அது காலா, உலக்கையாடி?"

சிஹாரு போட்ட கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது.

கயிறு சுற்றுகிற இருவர் போக, வகுப்பில் மீதி முப்பத்திரண்டு பேரும் வரிசையாக நின்று ஒரே கயிற்றைச் சேர்ந்தாற்போலத் தாண்ட வேண்டும். யார் காலில் பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சனிக்கிழமை விளையாட்டு விழா. இன்றைக்குத் திங்கள். இதுவரை பதினான்கைத் தாண்டவில்லை.

வகுப்பாசிரியர் கனெமருவுக்குச் சுருக்கென்றது. ரோஜினா நேபாளத்திலிருந்து ஜப்பான் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இத்தனை பேர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது?

விசிலை ஊதி சிஹாருவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"குழுத் தலைவின்னா என்ன வேணா பேசுவியா? அவ வெளிநாட்டுப் பொண்ணு. கொஞ்சம் பார்த்து நடந்துக்கக் கூடாதா?"

சிஹாரு அசரவில்லை. "இப்பதான் ஷுன்தா தடுக்கினான். 'தூங்குமூஞ்சி'ன்னு திட்டினேன். அப்ப நீங்க சிரிச்சீங்களே சென்செய்?"

ஆசிரியரை அங்கே 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவார்கள். கனெமருவுக்குக் கோபம்தான் வந்தது.

"வாயை மூடு! ரோஜினா, நீ இங்க வாம்மா."

முட்டிச் சிராய்ப்பைத் தேய்த்துக்கொண்டே ரோஜினா வந்தாள்.

"சனிக்கிழமை நீ தாண்ட வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"தாண்டுவேன் சென்செய்."

"இவ திட்டுவாளேம்மா?"

"திட்டட்டும்."

சிஹாரு குறுக்கே புகுந்தாள். "அவ இல்லாம முப்பத்தியொரு பேர்னா நாங்க யாருமே குதிக்க மாட்டோம்."

"நீ சும்மா இரு!"

ரோஜினா விடவில்லை. "போன வருஷம் யாருமே என்னைத் திட்டல சென்செய். தடுக்கினா, 'பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க'ன்னு சிரிப்பாங்க. விழா அன்னைக்குப் பார்த்தா வரிசையில எனக்கு இடமே இல்ல. மொத்த வகுப்பும் குதிச்சுது, நான் வேடிக்கை பார்த்தேன். வீட்டுக்குப் போய் அப்படி அழுதேன். இவ ஒருத்திதான் என்னை வாடி போடின்னு பேசறா. தினமும் காலைல ஆறு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. என்கூட நூறு தடவை குதிச்சுட்டுத்தான் பள்ளிக்கூடமே வர்றா."

சிஹாருவின் முகத்தைக் கனெமருவால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"உன்னை ஒதுக்கி வெச்ச பசங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது. போன வருஷமும் நான்தானே உன் வகுப்பாசிரியர்? அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

ரோஜினா தயங்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நிழல்ல நாற்காலி போட்டு, 'நீ உட்காரும்மா, பாவம்'னு சொன்னதே நீங்கதானே சென்செய்?"