திண்டிவனத்தில் ஒலிக்கும் அழைப்பு

20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு. அழைப்பைத் திருப்பிவிடக் கற்றுத்தருவோர், அதை மீட்கக் கற்றுத்தருவதில்லை. விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தவக்காலம் முழுதும் கைப்பேசியைத் துறக்க எண்ணி, அழைப்புகளையெல்லாம் திண்டிவனத்துத் தங்கை அமல்ராணிக்குத் திருப்பிவிட்ட அமிர்தசாமி, என் பக்கத்து இருக்கையில் அதை நீக்கும் குறியீடுகளைத் தேடி மாற்றி மாற்றி அழுத்துகிறார். ‘தவறான குறியீடு’ என்று திரை ஒளிர்ந்து அணைகிறது. அதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத் தங்கையை அழைக்கிறார். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அவள் குரல் பதறுகிறது: “அண்ணே, கோவிச்சிக்கினு போன உன் பொண்ணு இப்பதான் கூப்ட்டா. ‘அப்பா’ன்னு அழுதா, என் குரலக் கேட்டதும் வச்சிட்டா. நம்பரும் காட்டல.” கைப்பேசியை வாயருகே கொண்டுபோய் அவர் சொல்கிறார்: “மறுபடி வந்தா நீ பேசாத, அமலு. மூச்சு மட்டும் வுடு. நான்னு நெனச்சிப் பேசட்டும்.” வாசகரே, மீட்கும் குறியீடு உமக்குத் தெரியுமெனில், அந்தப் பெண் மறுபடி அழைக்குமுன் சொல்லும்.