வடக்கே சூலம்

"ஏலே செல்லச்சாமி, ரயில்ல காப்பி வந்தா வாங்கிக் குடிச்சிரக் கூடாது, கேட்டியா? ஒன் வயித்துப்புண்ணுக்கு ஆகாது. சீரகத்தண்ணி கொதிக்க வச்சு ஆத்தித் தாரேன். அதைத்தான் குடிக்கணும்."

சண்முகையா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நாளைச் சாயங்காலம் மெட்ராஸ் ரயில். மாநில கேரம் போட்டியின் இரட்டையர் ஆட்டத்துக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு ஜோடி போகிறது. ஊருக்கே இது முதல் தடவை.

எதிரே உட்கார்ந்திருந்த செல்லச்சாமி ஒரு சேதி சொல்ல வந்திருந்தான். அந்த ஜோடியில் சண்முகையா இல்லை.

கோவில்பட்டி ஆட்டத்தில் சண்முகையாவின் விரல் நடுங்கியதை எல்லாரும்தான் பார்த்தார்கள். கேரம் கிளப் செயலாளர் சுயம்புலிங்கம் செல்லச்சாமியைத் தனியே கூப்பிட்டு, "சேந்து ஆடப்போறவன் நீ. நீயே சொல்லு. சண்முகையாவா, ஜெயசிங்கா?" என்று கேட்டார். ஜெயசிங் ஜவுளிக்கடைக்காரர் மகன். எந்நேரமும் மடிப்புக் கலையாத பேண்ட்டில் திரிகிறவன். அடித்தால் காய் குழிக்குள்தான் போய் விழும். செல்லச்சாமி, "ஜெயசிங்" என்றான். "அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிருதேன்" என்றும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தான். பத்து வருஷமாகத் தறி ஓட்டிய கையோடு வந்து தன்னுடன் ஜோடி சேர்ந்து ஆடிய மனுஷனைப் பற்றி அந்தப் பேச்சு எப்படித்தான் வாயில் வந்ததோ என்று இப்போது அவனுக்கே மனசு ஆறவில்லை.

"அண்ணாச்சி, ஒரு விசயம்…"

"இரு, நான் முடிச்சிருதேன். எழும்பூர்ல எறங்கினதும் ஆட்டோக்காரன் கையைப் பிடிச்சு இழுப்பான். ஏறாத. புரசவாக்கம் வரைக்கும் நடந்தா ஒடம்புக்கும் நல்லது, கைக்காசும் மிச்சம். அங்கன நம்மூரு மூக்காண்டி பலசரக்குக் கடை மாடியில படுத்துக்கிடலாம். சொல்லி வச்சாச்சு. லாட்ஜே வேண்டாம். மூட்டைப்பூச்சி கடிச்சுத் தூக்கம் போச்சுன்னா மறுநா கையில ஆட்டம் நிக்காது."

"சரி அண்ணாச்சி."

"என்ன சரி? போன வருசம் திருச்சியில என்ன ஆச்சு? பரோட்டா சால்னான்னு வெட்டி முழுங்கிட்டு, ஆட்டத்தன்னைக்குச் சுருண்டு படுத்துக் கெடந்த. அதான் இந்தத் தடவை ஓட்டல் பக்கமே போகப்படாது. மொத நாளைக்கு இட்லி, பொறப்படையில அவிச்சுக்கிடலாம். மறுநாளைக்கு வறுத்த மாவு, வெந்நீர்ல கரைச்சுக்கிடணும். வெள்ளை நூல் கட்டினது மிளகா இல்லாத பொடி, ஒனக்கு. இந்தச் செவப்பு நூலுல காரம் தூக்கல்."

சண்முகையாவுக்குப் பச்சை மிளகாய் கடிக்காமல் சோறு இறங்காது. தெருவுக்கே தெரிந்த சங்கதி. செல்லச்சாமி அந்தச் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். மனுஷன் எவ்வளவு ஆசையாகக் கட்டுகிறார்!

"ஏட்டி பேச்சித்தாய், மணி என்னாச்சு?" என்று சண்முகையா உள்ளே குரல் கொடுத்தார்.

"நல்ல நேரம் வந்தாச்சு" என்ற அவர் மனைவி, ரெக்சின் பையைக் கொண்டுவந்து வாசலோரம் வைத்துவிட்டு, செல்லச்சாமியின் முகத்தைப் பார்க்காமலே அடுப்படிக்குத் திரும்பினாள்.

செல்லச்சாமிக்குப் பகீரென்றது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். அந்தத் திசைக்குப் புறப்பட்டால் போகிற காரியம் விளங்காது. அதற்காகப் பயணம் போகிறவர்களின் உடுப்பை முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையில் போட்டு அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பை வாசலைத் தாண்டினால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம் பயணம் நின்றால் அந்த உடுப்புக்காரருக்கு ஆகாது என்பார்கள். செல்லச்சாமியின் வேட்டியை நேற்றே கேட்டு வாங்கி வைத்திருந்தார் சண்முகையா.

சண்முகையா எழுந்து பையைத் தூக்கினார். "எதிர்த்த வீட்டு ஜுலைகா பீவிகிட்டச் சொல்லிருக்கேன். ஒரு எட்டு, வச்சிட்டு வந்திருதேன்."

"அண்ணாச்சி, வேண்டாம்!" செல்லச்சாமி பாய்ந்து பையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ல? நேரம் போகுது."

"ஒங்க வேட்டி இதுல இருக்கக் கூடாது அண்ணாச்சி. ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நான் தாங்க மாட்டேன். நான் பாவி. மொதல்லயே சொல்லிருக்கணும்…"

எப்படியாவது சண்முகையாவின் வேட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து உள்ளே கையை விட்டான். மேலே அவனுடைய வேட்டி இருந்தது. அதன் அடியிலிருந்து கைக்கு வந்தது, மடிப்புக் கலையாத நீலப் பேண்ட் ஒன்று. சண்முகையா தம் வாழ்நாளில் பேண்ட் போட்டதே இல்லை.

அவர் அதை அவன் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் வேட்டிக்கு அடியில் திரும்ப வைத்து ஜிப்பை மூடினார். அப்போதும் அவர் விரல் லேசாக நடுங்கியது.

"என் கையி எனக்குத் தெரியாதாலே" என்றார். பிறகு வாசலில் இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பொட்டலத்தை மாத்திராத. செவப்பு நூலு ஜெயசிங்குக்கு."